வேலையை விட்ட பிறகு கம்பெனி கார்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை ஓசூர் சிப்காட்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ. வீடு காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ. வாரக் கடைசியில் கம்பெனி காரிலேயே ஊருக்கு வந்துபோகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். விதை, உரம், பூச்சிமருந்து, டிராக்டர் விற்பனையில் இருப்பவர்களுக்கோ காரே ஆபீஸ் மாதிரி. வேலையை விடும்போது லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறது கம்பெனி. கார் மட்டும் வீட்டு வாசலில் நிற்கும். “ஒன்னும் அவசரமில்ல சார், அடுத்த வாரம் கொண்டு வந்து விடுங்க” என்று மேனேஜரும் சொல்லியிருப்பார். சிக்கல் அந்த அடுத்த வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கடைசி வேலை நாளுக்குப் பிறகும் காரை ஓட்டலாமா? தேதி போட்டு, எழுத்தில் அனுமதி கையில் இருந்தால் ஓட்டலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவது நல்லது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்

ராஜினாமா மெயிலை அனுப்புவதற்கு முன்பே பார்த்தால் இன்னும் நல்லது. “கம்பெனி கார்” என்று எல்லாரும் ஒரே பெயரில் சொன்னாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். மோட்டார் வாகனச் சட்டம் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளராகப் பார்க்கிறது. கடனிலோ குத்தகையிலோ உள்ள வண்டி என்றால், ஒப்பந்தப்படி அதை வைத்திருப்பவர் உரிமையாளர்.

ஆர்.சி.யில் கம்பெனி பெயரே இருந்தால் விஷயம் நேரடியானது. வண்டி அவர்களுடையது, நீங்கள் அவர்கள் அனுமதியோடு ஓட்டியவர்.

லீஸ் வண்டி என்றால் மூன்றாவதாக ஒரு ஆள் உள்ளே வருகிறார். பதிவு பெரும்பாலும் லீஸ் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். வாடகை உங்கள் சம்பளத்தில் பிடிபடும். இதில் உங்கள் மேனேஜர் “வச்சுக்கோங்க” என்று சொல்ல அதிகாரமே கிடையாது, அவர் கம்பெனியின் ஆள் மட்டும்தான். வேலையை விட்டால் லீஸை முன்கூட்டியே முடித்து அதற்கான தொகையைக் கட்டுவதா, புது கம்பெனிக்கு மாற்றுவதா, மீதி மதிப்பைக் கட்டி வண்டியை வாங்கிக்கொள்வதா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். முன்முடிப்புத் தொகை சில சமயம் கையைக் கடிக்கும். அதனால் புது வேலைக்குச் சம்பளம் பேசும்போதே இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆர்.சி.யில் உங்கள் பெயரே இருந்து, கம்பெனி கடனோ பெட்ரோல் படியோ மட்டும் கொடுத்திருந்தால் கார் உங்களுடையது. கடன் பாக்கியை எப்படி அடைப்பது என்று பேசி முடித்தால் போதும். இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

ராஜினாமா மெயிலிலேயே காரைப் பற்றி எழுதுங்கள்

நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும்போது கார் வழக்கம்போல உங்களிடம் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் அட்மின் ஆட்கள் கடைசி நாளன்று மதியம்தான் விழித்துக்கொள்வார்கள். நீங்களே முந்திக்கொண்டு, “வண்டியை எந்தத் தேதியில், எந்த இடத்தில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?” என்று மெயிலில் கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குச் சாட்சி இருக்கும். அப்புறம், ஆஃபர் லெட்டரையும் கார் பாலிசி என்று தனியாக ஏதாவது கையெழுத்து போட்டிருந்தால் அதையும் தேடி எடுத்து, “பணி முடியும் நாளில்” என்று தொடங்கும் பத்தியைப் படியுங்கள். முக்கால்வாசி கம்பெனிகளில் அந்த நாளே கடைசி நாள் என்றுதான் இருக்கும்.

அனுமதியை எழுத்தில் கேட்பது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தொப்பூர் கணவாயில் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பற்றி தருமபுரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்னே போகும் பைக்கில் வண்டி உரசி ஒருவருக்கு அடிபடுகிறது. உங்கள் ரிலீவிங் தேதி அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

அடிபட்டவருக்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு வந்தால் அது வண்டியின் பதிவு உரிமையாளரான கம்பெனி மீதும் வரும். ஒருவர் விற்றுக் கைமாற்றிவிட்ட வண்டியிலேயே, பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் ஆர்.சி.யில் உள்ளவர்தான் பொறுப்பு என்று நவீன்குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்காத வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். இது தெரிந்த கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் சொல்லப்போவது, “அவர் எங்கள் ஆள் இல்லை, எங்கள் அனுமதியும் இல்லை” என்பதைத்தான். வழக்கமான மோட்டார் பாலிசிகள் மூன்றாம் நபர் பொறுப்பில், உரிமையாளரின் உத்தரவின் பேரிலோ அனுமதியோடோ ஓட்டும் ஓட்டுநருக்குத்தான் பாதுகாப்பு தருகின்றன. அனுமதி இல்லை என்று ஆனவுடன் அந்தக் குடைக்கு வெளியே நிற்பவர் நீங்கள். வண்டியின் சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் போட வேண்டும் என்றாலும் பாலிசிதாரரான கம்பெனிதான் கையெழுத்து போட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது உரிமையாளரே ஓட்டினால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஒன்று உண்டு. அது கம்பெனி பெயரில் உள்ள வண்டிக்குத் தரப்படுவதில்லை. வேலையில் இருந்தவரை கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் உங்களுக்கு ஈடாக இருந்திருக்கலாம். வேலையை விட்டதும் அந்தக் காப்பும் பொதுவாக நின்றுவிடும். ஆக, உங்கள் கை கால் உடைந்தால் கேட்க ஆளில்லாத நிலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

போலீஸ் விஷயத்துக்கும் வருவோம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நான்கு நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அது திருட்டு ஆகிவிடாது. கெட்ட எண்ணம் இருந்தது என்று காட்டியாக வேண்டும். ஆனால் கம்பெனி எழுத்தில் கேட்ட பிறகும் போனை எடுக்காமல் வண்டியை வைத்திருந்தால் கதை மாறும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு, நம்பி ஒப்படைத்த பொருளை மோசம் செய்வதைப் பற்றியது. ஊழியராக இருந்து அதைச் செய்தவருக்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 452-வது பிரிவும் இருக்கிறது: நிறுவனத்தின் சொத்தைத் தவறாக வைத்துக்கொண்டால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். குறித்த காலத்தில் திருப்பித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டும் தராவிட்டால் 2 ஆண்டு வரை சிறையும் போடலாம். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கே தெரியும், ஊரில் ஒளித்து வைக்கும் யோசனையெல்லாம் வேலைக்காகாது.

இன்னும் சில நாள் வேண்டும் என்றால்

நியாயமான காரணங்கள் இருக்கும். வீடு மாற்றுகிறீர்கள், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், புது கம்பெனியில் கார் வர இரண்டு வாரம் ஆகும். கேளுங்கள், பல கம்பெனிகள் மறுப்பதில்லை. “ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்ட்டு வந்து கொடுத்துடறேன்” என்று கேட்டவருக்கும் சரி என்று சொன்ன நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சரி மெயிலில் இருக்க வேண்டும். எச்.ஆர். தலைமையோ வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரியோ கம்பெனி மெயிலிலிருந்து அனுப்ப வேண்டும். மேனேஜரின் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுமில்லாததற்குத் தேவலாம், அவ்வளவுதான்.

என்ன எழுதச் சொல்வது என்று தயங்க வேண்டாம். நீங்களே இப்படி எழுதி அனுப்பி, “ஒப்புதல் தருகிறோம்” என்று பதில் வாங்குங்கள்:

“இந்தப் பதிவு எண் கொண்ட காரை, பணி முடிந்த பிறகும், 30-ம் தேதி மாலை 6 மணி வரை, இன்னார் தன் சொந்த உபயோகத்துக்கு ஓட்ட நிறுவனம் அனுமதிக்கிறது. வண்டியின் இன்சூரன்ஸ் அந்தத் தேதி வரை நடப்பில் இருக்கிறது. எரிபொருள், டோல், அபராதம் ஆகியவற்றை அவர் ஏற்பார். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிளெய்முக்கு வேண்டிய கையெழுத்துகளை நிறுவனம் தரும்.”

கடைசி வரியை வெட்டிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள், உங்களுக்கு முக்கியமான வரியே அதுதான். “பணி முடிந்த பிறகும்” என்ற சொற்களும் கட்டாயம் இருக்க வேண்டும். லீஸ் வண்டி என்றால் லீஸ் நிறுவனத்துக்கும் அந்த மெயிலின் நகல் போக வேண்டும்.

அனுமதி உங்கள் பெயருக்கு மட்டும். மச்சான் கேட்டார், பெங்களூர் ஏர்போர்ட் வரைக்கும்தானே என்று சாவியைக் கொடுத்தால், மேலே சொன்ன எல்லாப் பிரச்சினையும் மச்சானோடு சேர்ந்து வரும். வாடகைக்கு விடுவது சுத்தமாகக் கூடாது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவதே சட்டத்துக்குப் புறம்பு. அது அடுத்தவர் வண்டியாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

பகலில் கொடுங்கள். வண்டியைக் கழுவி, நான்கு பக்கமும், உள்ளேயும், டயர்களையும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் வழக்கம் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். அட்மின் ஆள் ஒருவர் வந்து பார்த்து, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளில் தேதி மட்டும் போதாது, மணியும் இருக்க வேண்டும். காரணம் பெங்களூரின் கேமராக்கள். சில்க் போர்டு பக்கம் சிக்னலைத் தாண்டியதற்கான செலான் சில நாள் கழித்து ஆர்.சி.யில் உள்ளவரைத் தேடி வரும். கம்பெனி அதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், நீங்கள் மதியம் 2.40-க்கே வண்டியை ஒப்படைத்துவிட்டீர்கள் என்ற தாள்தான் பேசும். அதேபோல நீங்கள் வாங்கிய அபராதங்கள் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் செலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, இருந்தால் கட்டிவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டு செலான், கர்நாடகா செலான் இரண்டையும் பாருங்கள்.

ஸ்பேர் சாவி, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, டீசல் கார்டு, ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்பேர் சாவி எப்போதும் வீட்டு பீரோவில்தான் கிடக்கும். முந்தின நாளே தேடி எடுத்து வையுங்கள். வண்டியின் திரையோடு உங்கள் போன் இணைந்திருக்கும். உங்கள் தொடர்பு எண்களும் வீட்டு முகவரியும் அதில் பதிந்திருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ஃபாஸ்டேக் கணக்கு உங்கள் செல் எண்ணில் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் கிருஷ்ணகிரி டோலைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் போன் ஒலிக்கும். பணம் உங்கள் கணக்கில் போகிறதென்றால் இன்னும் மோசம்.

“செட்டில்மென்ட் வரட்டும், அப்புறம் தர்றேன்”

இதை அடிக்கடி கேட்கலாம். கம்பெனி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கும், கையில் இருப்பது கார் ஒன்றுதான், அதை விட்டால் பிடி போய்விடும் என்ற எண்ணம். கோபம் நியாயமானது, வழி தப்பு. வர வேண்டிய சம்பளத்துக்கு ஈடாக வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை ஊழியருக்கு இல்லை. அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றே கம்பெனி பக்கம் போய்விடும். அவர்கள் புகார் கொடுப்பார்கள், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வண்டியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அந்தத் தாளிலேயே “எனக்கு வர வேண்டிய நிலுவை பற்றிய கோரிக்கை நிலுவையில் உள்ளது” என்று ஒரு வரி சேருங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸோ, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவோ, உங்கள் பதவிக்கு எது பொருந்துமோ அந்த வழியில் போங்கள். காரையும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கம்பெனிக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்தக் காரையே வாங்கிக்கொள்ளலாமா?

பல இடங்களில் கம்பெனியே கேட்கும். வண்டியின் குணம் தெரியும், சர்வீஸ் விவரம் முழுக்க இருக்கும், விலையும் குறைவு; நல்ல யோசனைதான். ஃபீல்டு வேலையில் ஓடிய வண்டி என்றால் மட்டும் பார்த்து. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலை ரோட்டில் வருடக்கணக்கில் ஏறி இறங்கிய காரின் கிளட்சையும் சஸ்பென்ஷனையும் வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

விலையோடு வரியும் வரும் என்பதைப் பலர் கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். கம்பெனி தன் ஊழியருக்குக் காரைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அந்தக் குறைவு சம்பளத்தின் பகுதியாகக் கணக்காகும். 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1962-ம் ஆண்டின் வருமான வரி விதிகள் சொன்ன கணக்கு இது: கம்பெனி வாங்கிய விலையிலிருந்து, உபயோகித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 20 சதவீதம், மீதமிருக்கும் மதிப்பின் மேல் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 10 லட்ச ரூபாய் கார் ஒரு வருடத்தில் 8 லட்சம், இரண்டில் 6.4 லட்சம், மூன்றில் 5.12 லட்சம். மூன்று வருடம் முடிந்த காரை உங்களுக்கு 4 லட்சத்துக்குக் கொடுத்தால், வித்தியாசமான 1.12 லட்சம் உங்கள் வருமானத்தோடு சேரும்.

முழு ஆண்டு என்பதைக் கவனியுங்கள். இரண்டு வருடம் பதினோரு மாதம் என்பது கணக்கில் இரண்டு வருடம்தான். அதே கார், அதே 4 லட்சம், ஆனால் சேரும் தொகை 2.4 லட்சம். ஒரு மாதம் தள்ளி வாங்க முடியுமா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருப்பதால், நீங்கள் வாங்கும் ஆண்டுக்குரிய கணக்கை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.க்கு வேறு கணக்கு. 2025 ஜனவரி 25 முதல் பதிவு பெற்ற நிறுவனம் பழைய கார் விற்றால் 18 சதவீதம். ஆனால் முழு விலைக்கு அல்ல, லாபத்துக்கு மட்டும். தேய்மானம் கழித்துக் கணக்கில் நிற்கும் மதிப்புக்கு மேல் விற்றால்தான் வரி. மேலே சொன்ன கார் வருடம் 15 சதவீதத் தேய்மானத்தில் மூன்று வருடத்துக்குப் பிறகு சுமார் 6.14 லட்சத்தில் நிற்கும். 4 லட்சத்துக்கு விற்றால் வரி கிடையாது. “மொத்த விலைக்கும் 18 சதவீதம்” என்று பில் வந்தால் கணக்குப் பிரிவில் கேள்வி கேளுங்கள்.

பணம் கட்டியதும் பெயர் மாற்றம். வண்டி மீது வங்கிக் கடன் இருந்தால் முதலில் கம்பெனி அதை அடைத்து, வங்கியிடம் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்தது என்று சொல்லும் படிவம் 35-ம் வாங்க வேண்டும். அது இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. விற்பவர் கம்பெனி என்பதால் கையெழுத்திடும் அதிகாரியை நியமித்த கடிதமும் சீலும் தேவை. நீங்கள் ரிலீவ் ஆன பிறகு அந்த அதிகாரியைத் தேடிப் பிடிப்பது தனி வேலையாகிவிடும், உள்ளே இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பம் பரிவாகன் தளத்தில் தொடங்கும். ஓசூரின் டி.என். 70 வண்டியைத் தருமபுரி முகவரிக்கு மாற்றினாலும் எண் டி.என். 29 ஆகாது, மாநிலத்துக்குள் பழைய எண்ணே தொடரும்.

கே.ஏ. நம்பர் என்றால் வேலை இரட்டிப்பு. பெங்களூரில் பதிவான வண்டியை இங்கே நிரந்தரமாகக் கொண்டுவர, பதிவு செய்த கர்நாடக ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று, பிறகு இங்கே படிவம் 27, வண்டியின் வயதைப் பொறுத்துத் தமிழ்நாட்டு சாலை வரி, புது எண். கர்நாடகாவில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்டு அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். சில சமயம் ஓசூரிலேயே ஒரு டி.என். நம்பர் பழைய கார் அதைவிட மலிவாகக் கிடைத்துவிடும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்குவது கட்டாயம் என்பதால், அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற கணக்கும் ரொம்ப நாள் ஓடாது.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு கூடவே வரும். சொந்தச் சேதக் காப்புக்கு நீங்கள் மாற்றினால்தான் ஆகும். கிளெய்ம் போடாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது கம்பெனி சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது. அது ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததல்ல. உங்களுடைய பழைய காரை விற்று மூன்று வருடம் ஆகவில்லை, அதற்குப் போனஸ் சான்று வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை இங்கே காட்டலாம். பெயர் மாற்றும்போதே அந்த 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பையும் சேர்த்துவிடுங்கள், இனி உரிமையாளர் நீங்கள்தான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கம்பெனியின் ஃபாஸ்டேக்கை அவர்கள் கணக்கிலிருந்து மூடச் சொல்லி, புது ஆர்.சி.யைக் காட்டி வேறு ஒன்று வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.